பிள்ளை பேச மறுக்கிறதா? காப்புன் கிராமம் சொல்லும் பாடம்



பள்ளியில் பெற்றோர் சந்திப்பு நாள் வந்தாலே ஒரு வாக்கியம் என் காதில் விழாமல் போவதில்லை. "டீச்சர், வீட்டில் நாங்கள் தமிழில்தான் பேசுகிறோம். இவன்தான் தமிழில் பேச மாட்டேன் என்கிறான். ஒரே பிடிவாதம்!" சொல்பவர் பொய் சொல்லவில்லை. உண்மையாகவே அப்படித்தான் நம்புகிறார். பக்கத்தில் நிற்கும் பிள்ளையோ தரையைப் பார்த்துக்கொண்டிருக்கும். நானும் பல ஆண்டுகளாகத் தலையாட்டிவிட்டு, "தொடர்ந்து முயற்சி செய்யுங்கள்" என்று சொல்லி அனுப்பியிருக்கிறேன்.

இதே குற்றச்சாட்டை, ஏறக்குறைய இதே சொற்களில், பப்புவா நியூ கினியின் சதுப்புக் காட்டுக்குள் வாழும் பெற்றோர்களும் சொல்லியிருக்கிறார்கள் என்று படித்தபோது திகைத்துப்போனேன். அவர்களுடைய மொழி இன்று இறக்கும் தறுவாயில் இருக்கிறது. அந்த மொழியின் கதையை நம் ஆசிரியர்களும் பெற்றோர்களும் அறிந்துகொள்ள வேண்டும் என்பதற்காகவே இக்கட்டுரையை எழுதுகிறேன்.

காப்புனும் தயாப்பும்

பப்புவா நியூ கினியில் 800-க்கும் மேற்பட்ட மொழிகள் பேசப்படுகின்றன. உலகில் வேறு எந்த நாட்டிலும் இத்தனை மொழிகள் இல்லை. அந்நாட்டின் வடபகுதியில் ஓடும் செப்பிக் ஆற்றின் கீழ்ப்பகுதியில், காட்டாலும் சதுப்பு நிலத்தாலும் சூழப்பட்டிருந்த சிற்றூர் காப்புன். சேகோ மரத்தின் மாவே அம்மக்களின் அன்றாட உணவு. அவர்களுடைய முன்னோர் மொழியின் பெயர் தயாப். (பெயரில் 'தாய்' ஒலிக்கிறதே என்று யாரும் உடனே வேர்ச்சொல் ஆராய்ச்சியில் இறங்கிவிட வேண்டா! அந்த ஒப்புமை தற்செயலானது.)

தயாப் ஒரு தனித்த மொழி. சுற்றியுள்ள மொழிகளோடும் உலகின் வேறு எந்த மொழியோடும் அதற்கு உறவு இருப்பதாக நிறுவப்படவில்லை. அதன் இலக்கணமும் சுவையானது. பெயர்ச்சொற்கள் ஆண்பால், பெண்பால் என இரண்டாகப் பிரிகின்றன. உயிரற்ற பொருள்களுக்கும் பால் உண்டு. வடிவத்தைக் கொண்டு பால் அமைகிறது. நீண்டு மெலிந்திருப்பவை ஆண்பால். குட்டையாகவும் பருமனாகவும் இருப்பவை பெண்பால். ஐயம் வரும் இடத்தில் பொதுவாக வழங்குவது பெண்பாலே. உயர்திணை, அஃறிணை என்று பிரித்துப் பழகிய நமக்கு, இப்படியும் ஒரு மக்கட்கூட்டம் உலகைப் பகுத்துப் பார்த்திருக்கிறதே என்று வியப்பு தோன்றுகிறது.

இம்மொழியைப் பற்றி நமக்குத் தெரிந்தவற்றுள் பெரும்பகுதி, டான் குலிக் என்ற மானிடவியலாளரின் உழைப்பால் கிடைத்தது. 1980-களின் நடுப்பகுதியில் இளைஞராக அங்குச் சென்ற அவர், 2014 வரை மீண்டும் மீண்டும் சென்று அம்மக்களோடு தங்கினார். 1992-இல் அவருடைய முதல் ஆய்வு நூல் வெளிவந்தது. 2019-இல், மொழியியலாளர் ஏஞ்சலா டெரிலுடன் சேர்ந்து தயாப் மொழியின் இலக்கணத்தையும் அகராதியையும் வெளியிட்டார். அதே ஆண்டில் பொது வாசகர்களுக்காக, ஒரு மழைக்காட்டில் நிகழ்ந்த மொழிச்சாவைப் பற்றிய நூலையும் எழுதினார்.

குலிக் முதலில் சென்றபோது, தயாப் பேசியவர்கள் ஏறத்தாழ 90 பேர். ஆனால் அப்போதே, பத்து வயதுக்குட்பட்ட எந்தப் பிள்ளையும் அம்மொழியைத் தன் வாயால் பேசவில்லை. பின்னர் ஊரின் மக்கள்தொகை பெருகியது. மொழி பேசுவோரின் எண்ணிக்கையோ 50-க்கும் கீழே இறங்கியது. பிள்ளைகள் பேசியது டோக் பிசின். ஆங்கிலச் சொற்களை மிகுதியாகக் கொண்டு 19-ஆம் நூற்றாண்டில் தோட்டத் தொழிலாளர்களிடையே உருவாகி, இன்று அந்நாட்டின் ஆட்சிமொழிகளுள் ஒன்றாகத் திகழும் மொழி அது.

யார் கொன்றார்கள்?

மொழி அழிகிறது என்றவுடன் நாம் ஒரு வில்லனைத் தேடுகிறோம். அரசாங்கம் தடை செய்ததா? ஆசிரியர் பிரம்பால் அடித்தாரா? மக்கள் நகரத்துக்குக் குடிபெயர்ந்தார்களா? காப்புனில் இவற்றுள் எதுவும் காரணமில்லை. தயாப்பை யாரும் தடை செய்யவில்லை. அப்போது ஊரும் கலைந்திருக்கவில்லை. பிள்ளைகள் பள்ளி வாசலை மிதிக்கும் முன்பே, வீட்டிலேயே டோக் பிசின் பேசுபவர்களாக வளர்ந்துவிட்டார்கள்.

சிறிய மொழியாக இருந்ததுதான் காரணமா? அதுவும் இல்லை. தயாப் பேசியவர்களின் எண்ணிக்கை எந்தக் காலத்திலும் மிகச் சிறியதே. இருப்பினும், தலைமுறை தலைமுறையாக அம்மொழி வாழ்ந்தது. பிறமொழி கற்றதுதான் காரணமா என்றால், அக்காலப் பெரியவர்கள் பலர் அண்டை ஊர்களின் மொழிகளையும் அறிந்தவர்கள்! பன்மொழி அறிவு அவர்களுக்குப் பெருமை தந்தது, தாய்மொழியைத் தின்றுவிடவில்லை. "இரண்டு மூன்று மொழிகள் படித்தால் பிள்ளை குழம்பிவிடும்" என்று அஞ்சும் பெற்றோர்கள் இதனைக் கவனிக்க வேண்டும்.

1910-களில் காப்புன் ஆடவர் இருவர் தொலைவிலுள்ள கொப்பரைத் தோட்டத்துக்கு வேலைக்குச் சென்றார்கள். திரும்பும்போது புதிய பொருள்களோடு ஒரு புதிய மொழியையும் கொண்டுவந்தார்கள். அதன்பின் சென்ற இளைஞர்களும் அதனைக் கற்றுவந்தார்கள். டோக் பிசின் உலகம் சுற்றிய ஆண்களின் மொழியாயிற்று. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு பெண்களும் அதனைக் கற்றார்கள். அதன்பின்னர்தான் அம்மொழி அடுப்படிக்கும் தொட்டிலுக்கும் வந்து சேர்ந்தது.

இரண்டு சொற்கள்

காப்புன் மக்கள் ஒரு மனிதனுக்குள் இரண்டு இயல்புகள் இருப்பதாகக் கருதுகிறார்கள். அவற்றுக்கு அவர்கள் வழங்கும் டோக் பிசின் சொற்கள் 'ஹெட்', 'சாவே' என்பன. 'ஹெட்' என்பது தன்னிச்சை, முரட்டுத்தனம், பிடிவாதம். 'சாவே' என்பது அறிவு, பக்குவம், பிறரோடு இணங்கிப் போகும் பண்பு. பழங்காலத்தில் இவை இரண்டுமே ஒரே மொழிக்குள் வாழ்ந்தன. சிறிது சிறிதாக, அறிவும் கிறித்துவ சமயமும் வெளியுலகமும் டோக் பிசினோடு சேர்ந்துகொண்டன. காடும் பழமையும் பிடிவாதமும் தயாப்போடு ஒட்டிக்கொண்டன. ஊரில் பெண்கள் சினம் கொண்டு வீட்டில் நின்று ஊரே கேட்கும்படி ஏசுவது வழக்கம். அந்த ஏச்சு பெரும்பாலும் தயாப்பில் நிகழும். ஆண்கள் கூடி அமைதியாக உரையாற்றும் சபையிலோ டோக் பிசின் ஓங்கியது.

யாரும் கூட்டம் போட்டு இவ்வாறு முடிவெடுக்கவில்லை. "தயாப் வேண்டா" என்று எவரும் சொல்லவுமில்லை. கேட்டால், தம் மொழி அழகானது, பிள்ளைகள் பேச வேண்டும் என்றே சொன்னார்கள். ஆயினும் மொழி எதனோடு பிணைக்கப்பட்டதோ, அதற்கேற்ப அதன் மதிப்பு இறங்கியது.

இந்த இடத்தில் நம் வீடுகளை நினைத்துப் பார்த்தேன். நம்மில் பலர் பிள்ளையைப் பாராட்டும்போது "வெரி குட்" என்கிறோம். மன்னிப்புக் கேட்கும்போது "சாரி" என்கிறோம். கொஞ்சும்போதும் ஆங்கிலம் வருகிறது. பிள்ளை பாலைக் கொட்டிவிட்டால் மட்டும் தமிழ் கரைபுரண்டு ஓடுகிறது! ஏச்சுக்கு ஒரு மொழி, ஏற்றத்துக்கு ஒரு மொழி என்று நாம் பிரித்து வைத்தால், பிள்ளை எதனைத் தன் மொழியாகத் தேர்ந்துகொள்ளும்?

குழந்தையின் முதற்சொல்

குலிக்கின் நூலில் என் மனத்தைவிட்டு நீங்காத பகுதி ஒன்று உண்டு. காப்புனில் குழந்தை எழுப்பும் முதல் ஒலிகளுக்குப் பெற்றோர் பொருள் காண்கிறார்கள். நம் வீடுகளில் "அம்மா என்று சொல்லிவிட்டது!" என்று மகிழ்வோமே, அதுபோல. ஆனால் அங்குக் குழந்தையின் முதற்சொல்லாக அவர்கள் கேட்பவை வேறு. "ஓக்கி" (நான் போகிறேன்), "ம்ண்டா" (எனக்கு அலுத்துவிட்டது), "ஐயாத்தா" (நிறுத்து) ஆகியவை அந்தச் சொற்கள். மூன்றும் தயாப் சொற்கள். மூன்றும் பிடிவாதத்தின் சொற்கள். குழந்தை பிறக்கும்போதே 'ஹெட்' மிகுந்த முரடாகப் பிறக்கிறது, அதற்கு மெல்ல மெல்லச் 'சாவே'யை ஊட்ட வேண்டும் என்பது அவர்களின் நம்பிக்கை. 'சாவே' ஊட்டும் மொழியோ டோக் பிசின்.

எனவே தாய், பிள்ளையிடம் தயாப்பில் ஒன்று சொல்வாள். பிள்ளை திரும்பாது. உடனே அதையே டோக் பிசினில் சொல்வாள். பிள்ளை திரும்பும். இப்படி நாள்தோறும் பலமுறை நிகழும். பிள்ளை இதிலிருந்து என்ன கற்றுக்கொள்ளும்? முதலில் வரும் மொழியைக் கவனிக்கத் தேவையில்லை. சற்றுப் பொறுத்தால் அதே செய்தி எளிய மொழியில் வந்து சேரும் என்று கற்றுக்கொள்ளும். தாயைக் கேட்டால், "நான் தயாப்பில்தான் பேசுகிறேன்" என்பாள். அவள் சொல்வதும் பாதி உண்மை. பேசத் தொடங்குவது தயாப்பில். முடிப்பது டோக் பிசினில். பிறகு, "பிள்ளைக்குத் தலைக்கனம். நம் மொழியைப் பேச மறுக்கிறது" என்று பிள்ளையின்மேல் பழி விழும்.

"சாப்பிட வா, ஐயா... கம், கம், குவிக்!" இந்த வாக்கியத்தை நம் வீடுகளில் கேட்டதில்லையா?

சிரிப்பு என்னும் ஆயுதம்

இன்னொரு செய்தி ஓர் ஆசிரியை என்ற முறையில் என்னை உறங்கவிடாமல் செய்தது. பிற்காலப் பயணங்களில் குலிக், தயாப் பேசத் தெரியாதவர்கள் என்று ஊரே கருதிய இளைஞர்களிடம், தயாப்பில் ஒரு கதை சொல்லுமாறு கேட்டார். அவர்களுள் பலர் சொன்னார்கள்! சிலர் சரளமாகவே சொன்னார்கள். அம்மொழி அவர்களுக்குள் இருந்தது. ஆனால் அன்றாட வாழ்க்கையில் அவர்கள் அதனை வாய் திறந்து பேசவில்லை. அவர்கள் பிழையாகப் பேசினால், பெரியவர்கள் கேலி செய்து சிரித்தார்கள், குறை கூறினார்கள் என்பது அதற்கு ஒரு முக்கியக் காரணம். வெட்கம் அவர்களின் வாயைக் கட்டிப்போட்டது.

இங்கே நான் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். சில ஆண்டுகளுக்கு முன், என் வகுப்பில் ஒரு மாணவி இருந்தாள். வீட்டில் பெரும்பாலும் வேறு மொழியே புழங்கும் குடும்பம். வாய்மொழிப் பயிற்சியின்போது அவள், "என் தாத்தா சந்தைக்குப் போச்சு" என்று தொடங்கினாள். வகுப்பு சிரித்தது. நானும் சிரித்துவிட்டேன். சிரித்ததோடு நில்லாமல், "தாத்தா என்ன ஆடா மாடா, போச்சு என்று சொல்வதற்கு?" என்று கேட்டேன். வகுப்பு இன்னும் பலமாகச் சிரித்தது. நகைச்சுவையாகத் திணை விளக்கிவிட்டதாக எனக்குள் ஒரு மனநிறைவு வேறு!

அந்த ஆண்டு முழுவதும் அம்மாணவி வகுப்பில் தானாகத் தமிழில் பேசவில்லை. கேட்டால் ஒரு சொல்லில் விடை வரும். எழுத்துத் தேர்வில் நல்ல புள்ளிகள் வாங்கினாள். நான் அவளை 'அமைதியான பிள்ளை' என்று எண்ணிக்கொண்டேன். காப்புன் இளைஞர்களைப் பற்றிப் படித்த இரவில்தான், அந்த அமைதிக்கு நானும் ஒரு காரணமாக இருந்திருக்கலாம் என்று உணர்ந்தேன். அவள் இடைநிலைப்பள்ளிக்குச் சென்றுவிட்டாள். மன்னிப்புக் கேட்க இப்போது வழியில்லை.

ஆசிரியர் பயிற்சிக் கழகத்தில் பயின்றபோது கேட்டல், பேச்சு, வாசிப்பு, எழுத்து என நான்கு திறன்களைக் கற்பிக்கக் கற்றுத் தந்தார்கள். பேச்சுத் திறனை வளர்ப்பது கடினம். அதனைக் கொல்வதற்கு ஒரு சிரிப்பே போதும் என்பதனை நான் அனுபவத்தில்தான் கற்றேன்.

பள்ளி மட்டும் காப்பாற்றுமா?

"இதற்கெல்லாம் பள்ளிக்கூடம்தானே வழி காட்ட வேண்டும்?" என்று சிலர் கேட்கலாம். பப்புவா நியூ கினி அதனையும் முயன்று பார்த்த நாடு. 1990-களில் அங்கு நடந்த கல்விச் சீர்திருத்தத்தின்படி, தொடக்க வகுப்புகளைப் பிள்ளைகளின் சொந்த மொழியிலேயே நடத்தலாம் என்ற நிலை வந்தது. நூற்றுக்கணக்கான மொழிகள் வகுப்பறைக்குள் நுழைந்தன. உலகமே வியந்த முயற்சி அது. ஆனால் பாடநூல்களும் பயிற்சி பெற்ற ஆசிரியர்களும் போதவில்லை. ஆங்கிலத் தேர்ச்சி குறைகிறது என்ற குறையும் எழுந்தது. 2013-இல் அரசாங்கம் கொள்கையை மாற்றி, தொடக்கத்திலிருந்தே ஆங்கிலம் என்று அறிவித்தது.

இதிலிருந்து நான் பெறும் கருத்து இதுதான். பள்ளி ஒரு மொழிக்கு எழுத்தையும் மதிப்பையும் தரலாம். அரசாங்கம் மனம் மாறினால் அதனைத் திரும்ப எடுத்துக்கொள்ளவும் முடியும். வீடு தரும் மொழியை எந்தச் சுற்றறிக்கையாலும் திரும்ப எடுக்க இயலாது. இந்நாட்டில் 500-க்கும் மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகள் நமக்கு உள்ளன. அது நம் முன்னோர் தந்த பெருஞ்செல்வம். அதற்காகவே, "மொழியைப் பள்ளி பார்த்துக்கொள்ளும்" என்று வீடு ஓய்வெடுத்துக்கொள்ளலாகாது.

"தமிழ் எங்கே, தயாப் எங்கே? ஏழு கோடிப் பேருக்கு மேல் பேசும் மொழியை ஒரு சிற்றூர் மொழியோடு ஒப்பிடலாமா?" என்று கேட்பவர்களுக்கும் விடை சொல்ல வேண்டும். ஒப்பிட முடியாதுதான். தமிழ் சாகப்போகிறது என்று நான் ஒப்பாரி வைக்கவில்லை. ஆனால் ஒரு மொழி, முதலில் ஒரு வீட்டில்தான் நிற்கிறது. ஏழு கோடிப் பேர் எங்கோ பேசுவதால், என் வீட்டுக் கூடத்தில் தாத்தாவும் பேத்தியும் பேசிக்கொண்டுவிட மாட்டார்கள்.

"50 பேர்கூடப் பேசாத மொழி போனால் என்ன? அவர்களுக்குத்தான் பெரிய மொழி ஒன்று கிடைத்துவிட்டதே!" என்ற கேள்வியும் வரும். டோக் பிசின் கற்றது அம்மக்களின் உரிமை. அதனைக் குறை கூற நமக்குத் தகுதியில்லை. ஆனால் அவர்கள் தயாப்பை வேண்டாமென்று முடிவெடுத்துக் கைவிட்டிருந்தால், அது ஒரு தேர்வு. அவர்கள் அப்படி முடிவெடுக்கவில்லை. ஒருநாள் திரும்பிப் பார்த்தபோது பிள்ளைகளிடம் மொழி இல்லை. யாரும் விரும்பாத ஓர் இழப்பு, யாரும் கவனிக்காததால் நேர்ந்தது. என்னை வருத்துவது அதுதான்.

என்ன செய்யலாம்?

பெரிய திட்டங்கள் எனக்குத் தெரியாது. ஒரு வகுப்பாசிரியையால் சொல்லக்கூடிய நான்கு செய்திகளை மட்டும் முன்வைக்கிறேன்.

முதலாவது, பெற்றோர்கள் ஒரு மாலைப்பொழுது தம் பேச்சைத் தாமே கேட்டுப் பார்க்கலாம். பிள்ளையிடம் தமிழில் தொடங்கிய வாக்கியத்தை எந்த மொழியில் முடித்தோம் என்று கவனித்தால் போதும். குற்றவாளியைத் தேட வேண்டா. உண்மை தெரிந்தால் போதும்.

இரண்டாவது, தமிழில் சொன்னதற்குப் பிள்ளை உடனே திரும்பவில்லையென்றால், சற்றுப் பொறுத்து, தமிழிலேயே இன்னும் எளிமையாகச் சொல்லுங்கள். மொழியை மாற்றாதீர்கள்.

மூன்றாவது, பாராட்டும் கொஞ்சலும் கதையும் தமிழில் வரட்டும். ஏசுவதற்கு மட்டும் தமிழை வைத்துக்கொள்ளாதீர்கள்.

நான்காவது ஆசிரியர்களுக்கு, எனக்கே நான் சொல்லிக்கொள்வதும் அதுவே. பிள்ளை பிழையாகப் பேசினால், சிரிக்காமல், திருத்தமான வாக்கியத்தை நம் மறுமொழியில் இயல்பாகச் சேர்த்துச் சொல்வோம். "தாத்தா சந்தைக்குப் போச்சு" என்றால், "அப்படியா! தாத்தா சந்தைக்குப் போனாரா? என்ன வாங்கி வந்தார்?" என்று கேட்டால் ஆயிற்று. திணையும் கற்பிக்கப்படும், கதையும் தொடரும்.

அடுத்த பெற்றோர் சந்திப்பு நாளில், "இவன்தான் பேச மாட்டேன் என்கிறான்" என்று யாராவது சொன்னால், நான் தலையாட்டி அனுப்பப்போவதில்லை. முதலில் அந்தப் பிள்ளையின் பக்கம் திரும்பி, தமிழில் ஒரு கேள்வி கேட்டு, விடை வரும்வரை காத்திருக்கப்போகிறேன். எவ்வளவு பிழையோடு வந்தாலும் சரி.

அன்புடன்,
உங்களில் ஓர் ஆசிரியை